இரவல்

உரிமம் ஒன்றுக்கு மாதம் எண்பது டாலராம்.
இயந்திரத்துக்கெனத் தனியாக ஒன்று வாங்க
நிதிப்பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை.
யெர்கோ என் மேசை விளிம்பில் சாய்ந்து
காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டான்:
"ஓரியானா, உன் கணக்கில் இணைத்துவிடட்டுமா?
ஒரு வாரத்துக்குத்தான்."

புந்தா அரேனாஸில் அன்று காற்று
மணிக்கு நூறு கிலோமீட்டர்.
ஆட்கள் பிடித்து நடக்க
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
அப்படிப்பட்ட நாளில் யாரும் எதற்கும்
மாட்டேன் என்று சொல்வதில்லை.
வாயைத் திறந்தால் குளிர் நுழையும்.

அவன் ஒரு சாவி செய்தான்,
நாற்பது எழுத்தில் பொருளில்லாத ஒரு சொல்.
அதை இங்கே ஒட்டினான், அங்கே ஒட்டினான்.
டிக்கெட்டுகளைப் படிக்க அனுமதி.
எழுத அனுமதி.
கொஞ்சம் யோசித்துவிட்டு
மூடவும் அனுமதி.

ஆறு மணிக்கு நான் வீட்டுக்குப் புறப்பட்டேன்.
ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு
நான் வேலையைத் தொடங்கினேன்.

பதிவேடு சொல்கிறது:
ஓரியானா மன்சில்யா, இரவு 11.42,
மகப்பேறு வார்டின் லேபிள் பிரிண்டரை எழுப்பினாள்.
1.15, மருத்துவர் ஒருவர் மறந்த கடவுச்சொல்லை
மூன்றாம் முறையாக மாற்றித் தந்தாள்.
2.03. 2.04. 2.04. 2.05.
அந்நேரம் நான்
இடப்பக்கம் புரண்டு படுத்திருப்பேன்.
தலைக்கு மேல் தகரக் கூரை தடதடத்திருக்கும்.

காலையில் தாழ்வாரத்தில்
எக்ஸ்ரே பிரிவின் நெல்டா,
ஒன்பது வருடமாக என்னை
ஒரு தலையசைப்பில் கடந்து போகிறவள்,
நின்று என் முழங்கையைத் தொட்டாள்.
"நேற்று இரவு எவ்வளவு பொறுமையாக எழுதினாய்!"

போய் வாசித்தேன்.
"உங்கள் பணி தடைப்பட்டதற்கு வருந்துகிறேன், நெல்டா.
அவசரமில்லை. நீங்கள் தயாரானதும் சொல்லுங்கள்,
காத்திருக்கிறேன்."
கீழே என் பெயர். பக்கத்தில் என் புகைப்படம்,
முடி நீளமாக இருந்த காலத்தது.

நான் எப்படி எழுதுவேன் என்று எனக்குத் தெரியாதா?
"அணைத்துப் போடு."
"கேபிளைப் பார்."
இருபது ஆண்டில் நான் வருந்தியது
மொத்தம் இரண்டே டிக்கெட்டில்.
அதிலும் ஒன்று,
வருகிறேன் என்று தட்டப்போய்
கைதவறி விழுந்த பிழை.

வியாழக்கிழமை மருந்தகம் பூட்டிக்கொண்டது.
யாரோ எந்தக் கணக்கையோ
செயலற்றதென்று முடக்கியதில்
முக்கால் மணி நேரம் அலமாரி திறக்கவில்லை.
ஐந்தாம் மாடியில் ஒருவர் வலியோடு காத்திருந்தார்.

யாரோ என்று நான் சொல்கிறேன்.
பதிவேடு அப்படிச் சொல்லவில்லை.
தணிக்கை அதிகாரி என் பக்கம் திருப்பிய திரையில்
3.26, ஒரு வரி, என் பெயர்.
"நீங்கள்தானே?"

யெர்கோ சன்னலைப் பார்த்தான்.
வெளியே ஒருவர் கயிற்றைப் பற்றியபடி
பறந்த தொப்பியைத் துரத்துவதா வேண்டாமா என்று
நின்றுகொண்டிருந்தார்.

மாலையில் நானே ஒரு டிக்கெட் திறந்தேன்.
பொருள்: என் பெயரை அதனிடமிருந்து பிரிக்கவும்.
முன்னுரிமை: உயர்.

நான்கு விநாடி.
"வணக்கம் ஓரியானா, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்.
எந்தப் பயனரை எந்தப் பயனரிடமிருந்து பிரிக்க வேண்டும்?
இரண்டும் ஒரே கணக்காகத் தெரிகிறது."
இப்படிக்கு, ஓரியானா.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது.
ஏதோ தட்டினேன், அழித்தேன்.
ஐந்தாம் மாடியில் வலியோடு இருந்தவர் யார்
என்று கேட்டேன்.
அந்தப் பெயரைப் படிக்க
அதற்கு அனுமதி இல்லையாம்.
அதன் கணக்கு என் கணக்கு;
எனக்கும் இல்லை.

டிக்கெட்டை மூடாமல் விட்டு
லிப்டுக்குக் காத்திராமல்
படியேறினேன்.
ஆறு மணி ஒரு நிமிடம்.
கீழே நான்
யாருக்கோ பொறுமையாக
எழுதத் தொடங்கியிருப்பேன்.